ஜெர்மன் கம்பவுண்டரின் எட்டுப் படங்கள்

கேமராவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் அவரைத் தெரியாத ஆள் யாராவது இருந்திருந்தால், அந்த ஆள் அன்றைக்குக் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய டூரிஸ்டாகத்தான் இருக்க வேண்டும். அவருக்கு ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் மட்டும் புழக்கத்தில் இருந்தது. ஊருக்கு அவர் ஜெர்மன் கம்பவுண்டர்.

ஜெர்மனிக்குப் போய் வந்தவரோ என்று நினைத்துவிடாதீர்கள். மலையை விட்டு இறங்கினால் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டிலேயே அவருக்கு வியர்த்துக் கொட்டி, தலை சுற்றி, அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்துவிடுவார். அந்த நாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அங்கே பழைய காலத்தில் மடக்குக் கேமரா செய்தார்கள். மூடி வைத்தால் கோட்டுப் பையில் போகிற அளவுக்குத் தட்டையாக இருக்கும். பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, ஆர்மோனியத்தின் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான கறுப்புத் தோல் நீண்டு, அதன் முனையில் லென்ஸ் வந்து நிற்கும். அந்த மாதிரி கேமராக்களாகத் தேடிச் சேர்த்தார். நான் பார்த்தபோது பதினாலு இருந்தன. பதினாலிலும் சேர்த்து அவர் எடுத்திருந்த படங்கள் மொத்தம் பூஜ்யம்.

நான் அப்போது தபால் ஆபீஸில் கிளார்க். சொந்த ஊர் ஆயக்குடி. கொய்யாப்பழத்தைத் தவிர வேறு எதையும் சேர்த்து வைத்துப் பழக்கமில்லாத குடும்பம். மலைக்கு மாற்றல் ஆனதும், ஒரு மிஷன் டிஸ்பென்சரிக்குப் பின்னால் கம்பவுண்டர் வீட்டை ஒட்டியிருந்த அறையில் குடிபோனேன். போன முதல் நாளே வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, இத்தன கேமரா வச்சிருக்கீங்களே, ஒரு படம்கூடவா எடுக்கல?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, ஏரிக்கரையில ஸ்டூடியோக்காரன் எதுக்கு இருக்கான்? படம் எடுக்கறது அவன் சோலி. நம்ம கையில இருக்கறது நல்லாருக்கணும். நமக்கு அம்புட்டுத்தான்."

நல்லாருக்கணும் என்பது கொடைக்கானலில் லேசான காரியம் இல்லை. அந்த ஈரத்துக்கு நாலு நாள் போடாத செருப்பில் பூஞ்சை முளைக்கும். லென்ஸ் மட்டும் தப்புமா? அதனால் கேமராக்களை டிஸ்பென்சரியின் மருந்து அலமாரி மேல்தட்டில் வரிசையாக வைத்து, உள்ளே ஒரு பல்பை இரவும் பகலும் எரியவிட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் மருந்து பாட்டிலுக்கு ஒட்டுகிற லேபிள். ஒன்றில் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்'. இன்னொன்றில் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்'. அது வெயிலில் மட்டும் ஒழுங்காக வேலை செய்யும் கேமராவாம்.

சனிக்கிழமை மத்தியானம் செக்கப். ஸ்டெதாஸ்கோப்பை ஷட்டர் மேல் வைத்து, க்ளிக் என்று தட்டிவிட்டு, கண்ணை மூடிக் கேட்பார். "ஒரு செகண்டு வச்சா ஒண்ணேகால் செகண்டு இழுக்குது. வீசிங்" என்பார். தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டு மருந்துக் குழாயில் எடுத்து, காலையில் ஒரு சொட்டு, மாலையில் ஒரு சொட்டு என்று மூன்று நாளைக்கு விடுவார். துருத்தித் தோலில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க, கதவைச் சாத்தி இருட்டாக்கி உள்ளே டார்ச் அடிப்பார். பொட்டு வெளிச்சம் தெரிகிற இடத்தில் எல்லாம் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டுவார்.

இப்படி ஒரு சனிக்கிழமை, பேத்துப்பாறையிலிருந்து இருமலோடு வந்த ஒருவர் திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, "இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பவுண்டர் உள்ளே போயிருந்தார். போன இடத்தில் புதுசாக வந்த கேமரா ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. விளக்கை அணைத்து டார்ச் அடித்தவர், உலகத்தை மறந்து சத்தமாகப் புலம்பினார்.

"அடப்பாவமே! நுரையீரல் பூரா ஓட்டையால்ல கெடக்கு! மூணு இடம்... நாலு... அஞ்சு... பிளாஸ்திரி போட்டாலும் தாங்காது. ரொம்ப நாளா கவனிக்காம விட்டுட்டாய்ங்க."

மருந்தோடு வெளியே வந்து பார்த்தால் பெஞ்ச் காலி. சட்டை மட்டும் கிடக்கிறது. அந்த மனிதர் மேல்சட்டை இல்லாமல் அந்தக் குளிரில் பேத்துப்பாறைக்கு ஓடி, சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டி வைத்து அழுதுகொண்டிருந்தார். கம்பவுண்டர் கையில் ஓட்டைக் கேமராவோடும் டார்ச்சோடும் அங்கே போய், ஒரு கிராமத்துக்கே துருத்தியைக் காட்டி விளக்கிவிட்டு வர வேண்டியதாயிற்று. திரும்பி வரும்போது அரை மூட்டை கேரட் கொடுத்து அனுப்பினார்கள்.

கேமராக்கள் அவருக்குக் கிடைத்த வழி ஒன்று உண்டு. அந்த வருஷங்களில் வெள்ளைக்காரப் பாதிரிமார் குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சொந்த நாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. கிளம்புகிறவர்கள் வீட்டுச் சாமான்களுக்கு ஒரு லிஸ்ட் போட்டு வாசலில் ஒட்டுவார்கள். எந்தப் பொருள் வேண்டுமோ அதற்கு எதிரே பேரை எழுத வேண்டும். முதலில் எழுதியவருக்கே பொருள். எழுதிவிட்டு வேண்டாம் என்பது ரொம்ப மரியாதைக் குறைவு. வத்தலக்குண்டுச் சந்தையில் பேரம் பேசிப் பழகியவர்களுக்கு இது விளங்காது. ஆனால் மலை மேல் இதைச் சட்டமாகவே மதித்தார்கள்.

ஒரு தரம் லிஸ்ட்டில் 'மடக்குக் கேமரா' என்றிருந்ததைப் பார்த்துவிட்டு, படபடப்பில் கம்பவுண்டர் தன் பேரை ஒரு வரி தள்ளி எழுதிவிட்டார். மறுநாள் நாலு சுமைக்காரர்கள் 'ஏலேலோ' போட்டுக்கொண்டு ஒரு இரும்புக் குளியல் தொட்டியைக் கொண்டுவந்து அவர் வீட்டு வாசலில் இறக்கினார்கள். ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம். வீட்டுக்குள் நுழையவில்லை. கதவைக் கழற்றிப் பார்த்தும் நுழையவில்லை.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா தொட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். "இத எந்தப் பையில வச்சு மடக்கப் போறீங்க?"

பேரை எழுதிவிட்டுத் திருப்புவது மரியாதை இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அக்கா அதில் மண் நிரப்பிப் புதினா போட்டாள். அந்த வட்டாரத்துக்கே ரொம்ப நாள் சட்னி அதிலிருந்துதான் போனது.

இதெல்லாம் பதினாலு கேமராக்களின் கதை. பதினாலும் அவருக்குப் பொழுதுபோக்கு. உயிரை வைத்திருந்தது பதினைந்தாவதின் மேல். அது அவர் வேலை பார்த்த டிஸ்பென்சரியின் தலைமை நர்ஸிடம் இருந்தது.

சிஸ்டரம்மா என்று ஊரே அழைத்த அந்த அம்மாள் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர். வந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவர் பேச்சைக் கேட்டால் பெரியகுளத்துக்காரி என்றுதான் சொல்வீர்கள். வரும்போது கையில் கொண்டுவந்த மடக்குக் கேமரா அது. அபூர்வமான ஜாதி. மற்ற பதினாலிலும் எதிரே இருக்கிற ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை நாமே குத்துமதிப்பாக நினைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். இது தானே தூரம் பார்க்கும். மேலே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அதில் பார்த்தால் ஆள் இரண்டு இரண்டாகத் தெரிவார். பக்கத்தில் இருக்கிற பல்சக்கரத்தை மெள்ளத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கி, சரியான தூரம் வந்ததும் ஒன்றாகிவிடும். அந்த மாதிரி கேமராவை மிகக் கொஞ்சமாகத்தான் செய்தார்கள் என்றும், மலையில் இருப்பது இது ஒன்றுதான் என்றும் கம்பவுண்டர் எனக்கு வாரம் இருமுறை சொல்வார்.

சிஸ்டரம்மா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அந்தக் கேமராவில் டிஸ்பென்சரி ஆட்களை நிறுத்திப் படம் எடுப்பார். கம்பவுண்டர் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு எடுத்த ஒன்பது வருஷப் படங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பதிலும் மற்றவர்கள் சிரிக்கிறார்கள், கண்ணை மூடுகிறார்கள், பக்கத்தில் பார்க்கிறார்கள். கம்பவுண்டர் மட்டும் வாயை லேசாகத் திறந்தபடி நேரே லென்ஸைப் பார்த்து உருகிக்கொண்டிருப்பார். "எங்க கல்யாணத்துல என்னைய இப்புடிப் பாக்கல" என்று அக்காவே சொன்னாள்.

ஒன்பது வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒரு நாள் லிஸ்ட் போடுவார்கள், அன்றைக்கு முதல் ஆளாகப் பேரை எழுதிவிடலாம் என்று காத்திருந்தார். பேனாவுக்குத் தினமும் மை போட்டு வைப்பார்.

அந்த நாளும் வந்தது. சிஸ்டரம்மாவுக்கு ஓய்வு வயது தாண்டி, ஊருக்குத் திரும்பச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. டிஸ்பென்சரி நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டினார்கள். ஆடுநாற்காலி, கேக் தட்டுகள், கம்பளி, ரப்பர் சுடுதண்ணீர்ப் பை, எல்லாம் இருந்தன. கேமரா இல்லை. கம்பவுண்டர் மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். காகிதத்தைத் தூக்கிப் பின்பக்கம்கூடப் பார்த்தார். நான் அன்றைக்கு ஆபீஸ் விட்டு வரும் வழியில் டிஸ்பென்சரிக்கு வந்த தபாலைக் கொடுக்க நுழைந்தவன், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னய்யா, பரீச்ச ரிசல்ட்ட பாக்கற மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிறீரு?" என்று சிஸ்டரம்மா பின்னால் வந்து நின்றார்.

"சிஸ்டர்... அந்தக் கேமரா..." என்று இழுத்தார் கம்பவுண்டர்.

"அது லிஸ்ட்டுல கெடையாது. மெட்ராஸ்ல ஒருத்தரு வேணும்னு நாலு லெட்டர் போட்டுட்டாரு. கண்ணாடி அலமாரியில வச்சு அழகு பாப்பாராம். குடுக்க மாட்டேன்னு எழுதிட்டேன். உமக்கும் குடுக்க மாட்டேன்."

"ஏன் சிஸ்டர்?"

"நீரும் அலமாரியிலதான வைப்பீரு? அது படம் எடுக்கறதுக்குன்னு செஞ்சதுய்யா. எடுக்கறவங்க கையிலதான் இருக்கணும்."

கம்பவுண்டரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சிஸ்டரம்மாவாலும் முடியவில்லை போலிருக்கிறது. உள்ளே போய்க் கேமராவையும் ஒரு பிலிம் சுருளையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"இந்தாரும். இதுல எட்டுப் படம் விழும். நாளைக்கு வெள்ளனே போயி, எனக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போறதுக்கு இந்தக் கொடைக்கானல எடுத்துட்டு வாரும். நல்லா எடுத்துட்டா இது உமக்கு. இல்லாட்டி என் கூடவே கப்பலுக்கு வந்துரும்."

நான் மறுநாள் ஆபீஸுக்கு வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவரோடு கிளம்பினேன். மருந்து கொடுத்தவரும் அவர்தான் என்று எழுதியதால் பொய்யாகத் தோன்றவில்லை.

அது பிப்ரவரி மாதம். புல்லில் உறைபனி வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. மேலே வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. பள்ளத்தாக்கு விளிம்பில் போகிற கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நின்று பார்த்தால் கீழே வைகை அணைத் தண்ணீர் மின்னுவது வரைக்கும் தெரிந்தது. படம் எடுக்கத் தெரியாத ஆளுக்கு ஆண்டவன் பார்த்துக் கொடுத்த காலை என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பவுண்டர் கேமராவைத் திறந்து, ஜன்னலில் கண்ணை வைத்து, சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு சொன்னார்: "தம்பி, பள்ளத்தாக்கு ரெண்டாத் தெரியுதா ஒண்ணாத் தெரியுதான்னே கண்டுபிடிக்க முடியல. ஒரு ஆளு வேணும். நீ அங்கன போயி நில்லு."

"அண்ணே, நீங்க எடுக்கப் போறது மலைய. என்னைய அளந்து என்ன செய்யப் போறீங்க?"

"அளக்காம எடுக்கக் கூடாது. அளக்கறதுக்குத்தான இந்தக் கேமரா! வெரசாப் போ!"

போய் நின்றேன். அவர் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே எனக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டு வந்தார். "ரெண்டு தம்பி தெரியுது... ஒண்ணே முக்கா தம்பி... ஒண்ணேகால்... அசையாதலே!... ஆங், ஒரே தம்பி! விலகு, விலகு!"

நான் துள்ளி விலகினேன். அவர் உடனே எடுக்கவில்லை. மப்ளர் முனையால் லென்ஸைத் துடைத்தார். திருப்தியில்லாமல் மறுபடி துடைத்தார். கடைசியாக, கேமராவை முகத்துக்கு நேரே தூக்கி, லென்ஸ் மேல் "ஹா..." என்று ஆழமாக ஒரு ஊது ஊதி, ஜெபம் மாதிரி எதையோ முணுமுணுத்து, கண்ணுக்குக் கொண்டுபோய் க்ளிக் செய்தார்.

எட்டுப் படமும் இதே முறைதான். பாறையடியில் ஒன்று, ஏரிக்கரையில் ஒன்று, கோயில் மணிக்கூண்டுக்கு எதிரே ஒன்று. எட்டு இடத்திலும் நான் ஓடி நின்று, இரண்டிலிருந்து ஒன்றாகி, விலகினேன். எட்டு இடத்திலும் துடைப்பு, "ஹா", ஜெபம், க்ளிக். அந்தக் கேமராவில் நாம் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரிந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்கும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து ஸ்டூடியோவில் படங்களை வாங்கினோம். எட்டும் வெள்ளை. உற்றுப் பார்த்தால் ஒன்றில் மரம் மாதிரி ஒரு சாயல், இன்னொன்றில் ஏதோ கூரை மாதிரி ஒரு கலங்கல். அவ்வளவுதான்.

ஸ்டூடியோக்காரர் பெருந்தன்மையாகச் சொன்னார். "நல்ல பனிமூட்டத்துல மாட்டிக்கிட்டீங்க போலண்ணே."

"அன்னைக்கு ஏதுங்க பனிமூட்டம்? வைகை டேம் தெரி..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினேன். எனக்கு அந்த "ஹா" ஞாபகம் வந்துவிட்டது. கம்பவுண்டருக்கும் அதே நேரத்தில் வந்திருக்க வேண்டும். மெதுவாக ஸ்டூடியோ படியில் உட்கார்ந்தார்.

"ஒம்பது வருஷம் காத்துக் கெடந்து, கடைசியில ஊதிக் கெடுத்துட்டேனே தம்பி" என்றார்.

அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குள் இருந்த தபால் ஆபீஸ் மூளை விழித்துக்கொண்டது. "அண்ணே, ஸ்டூடியோக்காரரே பனின்னுதான் சொல்றாரு. சிஸ்டரம்மாகிட்டயும் பனின்னே சொல்லிருவோம். நீங்க வாயத் தெறக்க வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"பனி ஜாஸ்தி சிஸ்டர். ஒண்ணும் செய்ய முடியல" என்று படங்களை நீட்டினேன். கம்பவுண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிஸ்டரம்மா ஜன்னலோரம் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வந்த அன்னைக்கு எனக்கு இப்புடித்தான்யா தெரிஞ்சுச்சு இந்த ஊரு" என்றார். "எல்லாரும் பில்லர் ராக்ஸ் போட்டோ குடுத்துருக்காங்க. ஆறு பில்லர் ராக்ஸ் வந்துருச்சு. இத ஒருத்தரும் குடுக்கல." கேமராவை எடுத்து, அதன் தோல் உறையில் போட்டு, பொத்தான் மாட்டி, கம்பவுண்டரின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

வெளியே வந்தோம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கேட் வரைக்கும் கம்பவுண்டர் தோல் உறையைத் தடவிக்கொண்டே நடந்தார். கேட்டில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

"முடியாது தம்பி" என்றார்.

"என்ன முடியாது?"

"இத வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் வராது."

நான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் கோட்டை என்னிடம் விட்டுவிட்டுத் திரும்பி ஓடினார். கனத்த உடம்பு அவருக்கு. அந்த மேட்டில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். நான் மூச்சு வாங்க உள்ளே போய்ச் சேர்ந்தபோது கேமரா சிஸ்டரம்மாவின் மேஜை மேல் இருந்தது. கம்பவுண்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், அது பனி இல்ல. அன்னைக்கு நல்ல வெயிலு. எனக்கு எடுக்கத் தெரியல. சுத்தமா இருக்கட்டும்னு லென்ஸ் மேல ஊதி ஊதி எடுத்தேன். படத்துல தெரியறது பூராவும் என் மூச்சு."

சிஸ்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"வெயிலுன்னு எனக்குத் தெரியும்யா" என்றார் அவர். "அன்னைக்குத்தான் என் கம்பளியெல்லாம் காயப்போட்டேன். பனி எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னுதான் தெரியல. மூச்சா அது?"

"மூச்சுதான் சிஸ்டர்."

அவர் எட்டுப் படங்களையும் மறுபடி கையில் எடுத்துச் சீராக அடுக்கினார். சிரிக்கத் தொடங்கியவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. பனி எங்க ஊருலயும் கெடக்கு. உம்ம மூச்சு அங்க ஏது? எடுத்துட்டுப் போம்யா கேமராவ."

எனக்கு அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களுக்கு மாற்றல் ஆகிவிட்டது. எத்தனையோ கெட்டிக்காரர்களோடு பழகியாயிற்று. நானே ஓரளவு கெட்டிக்காரன் என்றுதான் என்னைப் பற்றிப் பேச்சு. ஆனால் ஒன்பது வருஷம் ஏங்கிய பொருள் கைக்கு வந்த ஐந்தாவது நிமிஷம், அதைத் திருப்பிக் கொடுக்க மேட்டில் ஓடிய மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் விட்டுவிட்டுப் போன கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடியதுதான், என் சர்வீஸில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.